மண் அவர்களது, சுவர் எங்களது

ஜூன் 2, திங்கள்

பல் தேய்த்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பிச்சுமணி காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். "அண்ணாச்சி, சுவத்துல என்னமோ வந்து மண்ணை அப்பிட்டுப் போகுது. என்ன பூச்சின்னு பாத்துச் சொல்லுங்க."

செவ்வந்தி நகரில் எந்த வீட்டுத் தோட்டத்தில் எது பறந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பாளையங்கோட்டை வேளாண்மை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். நான் இருந்தது பயணப்படி பில் போடும் பிரிவு என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசுவதாகக் கேள்வி. பேசட்டும். பூச்சியியல் பிரிவு எங்களுக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு தட்டிதான்.

சுவரின் உச்சியில் இருந்த கூடு பிச்சுமணி வீட்டுப் பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்க முட்டி இடம் கொடுக்கவில்லை. கீழே நின்றபடியே "கதண்டு" என்றேன். "கொட்டினா ஆள் தேறாது வே."

பிச்சுமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. நலச் சங்கத் தேர்தலில் எனக்கு எதிராகக் கை தூக்கியவர். கொஞ்சம் வெளுக்கட்டும்.

நகர் வாட்ஸப் குழுவிலும் போட்டேன்: "எச்சரிக்கை. பிச்சுமணி வீட்டுச் சுவரில் கதண்டு. கொடிய விஷம். யாரும் அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம். கோமதிநாயகம், வேளாண்மைத் துறை (ஓய்வு)." நாற்பது பேர் கும்பிட்டிருந்தார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

பிரமு இன்று காலை துணி காயப்போடப் போனவள், ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே ஓடிவந்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அது கதண்டா? குளவிங்க! குளவி கூடு கட்டுது, நம்ம சுவத்துல!"

குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தரிக்கும் என்பது பிரமுவுக்கு வேதவாக்கு. செம்மண்ணில் கட்டினால் ஆண், கறுத்த கரம்பை மண்ணில் கட்டினால் பெண். எங்கள் பையன் சங்கர் பிறப்பதற்கு முன்னால் அவள் பிறந்தகத்துச் சாமி படத்துக்குப் பின்னால் கட்டியதாம். சங்கருக்கும் ஆதிரைக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்து வருடமும் இந்த வீட்டில் ஒரு குளவியும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் பிரமுவின் குறை.

ஸ்டூல் போட்டு ஏறினேன். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய உடம்பு, நூல் மாதிரி இடுப்பு, மஞ்சள் கால். குளவியேதான். கூடும் உற்றுப் பார்த்தால் நம் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"செம்மண்ணு பாத்தீங்களா?" என்று பிரமு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ செய்தது. ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும் என்று எனக்கு இருக்காதா?

காபி கொண்டுவந்த ஆதிரை இதையெல்லாம் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம்.

குழுவில் திருத்தம் போட்டேன்: "மறு ஆய்வில் அது சாதுவான மண்குளவி எனத் தெரியவருகிறது. மேலும், அது பிச்சுமணி வீட்டுச் சுவர் அல்ல, என் வீட்டுச் சுவர்."

ஜூன் 5, வியாழன்

பிச்சுமணியின் மனைவி செண்பகத்துக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர்கள் வீட்டிலும் மருமகள் நித்திலா வந்து மூன்று வருடமாகிறது. அங்கேயும் ஒன்றும் இல்லை. கூடு தங்களுடையது என்கிறாள் செண்பகம்.

"மைனி, சுவரு உங்களுதா இருக்கலாம். மண்ணு யாருது? எங்க ரோஜாத் தொட்டியில இருந்துல்லா அது உருட்டி உருட்டி எடுத்துட்டுப் போகுது! நான் என் கண்ணால பாத்தேன்."

"மண்ணு உலகம் பூரா கிடக்கு செண்பகம். எங்க தங்குதுங்கறதுதானே கணக்கு?" என்றாள் பிரமு.

"அப்ப எங்க மண்ணைத் திருப்பிக் குடுங்க!"

நான் தலையிட்டு, சுவர் ஒன்பது அங்குலம், அதில் நான்கரை எங்களது என்று விளக்கினேன். பிச்சுமணி அளக்கிற டேப் எடுத்துவந்தார். அளந்தோம். கூடு சரியாக நடுவில் இருந்தது. அளவு டேப் மட்டமான சரக்கு.

ஜூன் 7, சனி

சங்கரும் ஆதிரையும் நாகர்கோவில் போயிருக்கிறார்கள். அங்கே ஆதிரையின் சிநேகிதி ஒருத்திக்கு உடம்பு சரியில்லை. பாவம், மூன்று நான்கு மாதமாகவே அவளுக்குச் சனிக்கிழமைதோறும் உடம்பு சரியில்லாமல் போகிறது.

பக்கத்து வீட்டு நித்திலாவும் சனிக்கிழமை நாகர்கோவிலுக்குத்தான் போகிறாளாம், பேங்க் பரீட்சைக்குப் படிக்க. திருநெல்வேலியில் இல்லாத வகுப்பா? பிச்சுமணிக்கு எப்போதுமே தூரத்துச் சரக்குதான் உசத்தி.

கத்தரிச் செடிக்கு வேப்பம்புண்ணாக்கு வைத்தேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் சங்கர் புதிதாகப் போட்டிருக்கும் மரப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சாமான் வந்த பெட்டிகளின் பைன் பலகை. வழவழவென்று நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் உள்ளே ஏதோ கரகரக்கிற மாதிரி சத்தம். என் காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

குளவி கூட்டை மூடிவிட்டுப் போய்விட்டது. இனி உள்ளே இருப்பதன் பாடு.

ஜூன் 14, சனி

நாகர்கோவிலிலிருந்து வந்ததும் சங்கர் ஃப்ரிட்ஜ் கதவில் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்தான். உள்ளே பேனா மாதிரி ஊசிகள்.

"என்னலே இது?"

கொஞ்சம் திணறினான். "எனக்குத்தான்பா. சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டாவ."

முப்பத்திரண்டு வயதில் சர்க்கரை! இவன் அம்மா கொடுத்த அல்வா ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்து போயிற்று. "தைரியமா இருலே. நான் இருக்கேன்" என்றேன். ஆதிரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் போல.

ஜூன் 17, செவ்வாய்

குழுவில் கேட்டேன்: "என் மகன் சங்கருக்குச் சர்க்கரை. அனுபவம் உள்ளவர்கள் மருந்து கூறவும்." இருபது பேர் எழுதியிருந்தார்கள். பாகற்காய், ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான். பிரமு ஒன்றையும் விடவில்லை. பையன் மூன்று வேளையும் பாகற்காயை வாய் திறக்காமல் தின்கிறான். தங்கமான பிள்ளை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. தனியாகப் போட்டுக்கொள்ளப் பயம்போல, ஆதிரையும் கூட அறைக்குள் போகிறாள். வரும்போது அவள்தான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். புருஷனுக்கு வலித்தால் தனக்கு வலிக்கிற ஜாதி. இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும்?

ஜூன் 20, வெள்ளி

பிரமு புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். ஆதிரை காலையில் குளித்ததும் சுவரடிக்குப் போய்க் கூட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும். இதைப் பார்த்த செண்பகமும் அந்தப் பக்கம் நித்திலாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

இன்று இரண்டு பெண்களும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பப் பகை என்றால் என்னவென்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க இருமினார்கள். சுவரில் தூசி.

ஜூன் 23, திங்கள்

பெரிய சங்கடம்.

பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரிக்கிறேன், என் தொடைக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு ஓட்டை. பென்சில் நுழைகிற அளவு. அதற்குள்ளிருந்து ஒன்று தலையை நீட்டி, முண்டி, வெளியே வந்து உட்கார்ந்தது. என் சுண்டுவிரல் நீளம். கறுப்பும் மஞ்சளுமாய் உடம்பு, இடுப்பே கிடையாது, உருட்டுக்கட்டை மாதிரி. பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய ஊசி. அம்மாடி! பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தேன். ஓடவில்லை, வேகமாக நடந்தேன்.

பிச்சுமணி பார்த்துவிட்டார். "அண்ணாச்சி! இதுதான் கூட்டுக்குச் சொந்தக்காரி! நீங்கதான் முதல்ல கரெக்டாச் சொன்னீங்க. கதண்டு!"

"இது வேற வே. அது குளவி."

"உங்க மெசேஜ் என்கிட்ட இருக்கு." போனை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார். "கொடிய விஷம். வேளாண்மைத் துறை. இதுக்கு மேல என்ன வேணும்? ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிக் கூட்டைக் கொளுத்திருவோம்."

அவருடைய தந்திரம் எனக்குப் புரியாதா? கூடு தனக்கு இல்லையென்றால் யாருக்கும் இருக்கக் கூடாது. பிரமு விளக்குமாற்றோடு வந்து சுவரடியில் நின்றுவிட்டாள். "கூட்டுல தீக்குச்சி பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

வியாழக்கிழமைக்குள் அது வேறு, இது வேறு என்று நிரூபிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பூச்சியைப் பிடித்துவிட்டேன். குளிர்காலப் போர்வை, ஹெல்மெட், பிரமுவின் புளிப் பாட்டில். போட்டோ எடுக்கப் பார்த்தால் பாட்டிலுக்குள் தறிகெட்டுச் சுற்றுகிறது. குளிர வைத்தால் அடங்கும் என்று அந்தக் காலத்தில் தட்டிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது.

ஃப்ரிட்ஜில் இடமில்லை. உள்ளே முழுக்கப் பாகற்காய். கதவில் சங்கரின் ஊசிப் பெட்டி. அதை எடுத்து மேலே ஐஸ் வைக்கிற அறையில் வைத்துவிட்டுப் பாட்டிலைக் கதவில் வைத்தேன். மருந்துதானே, இன்னும் நன்றாகக் குளிரட்டும்.

ராத்திரி சங்கர் பெட்டியைத் தேடவில்லை. இன்றைய ஊசியை மத்தியானமே வெளியே எடுத்து வைத்துவிட்டானாம். பூச்சி அடங்கிவிட்டது. அருமையான போட்டோ. பூச்சியியல் பிரிவில் இருந்த டாக்டர் தாணுமூர்த்தியின் எண்ணைத் தேடிப்பிடித்து அனுப்பினேன்.

ஜூன் 25, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். ஆதிரை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "என்னங்க, பெட்டியக் காணும்" என்று சங்கரைக் கூப்பிட்டாள். நான் ஹாலில் இருந்தபடியே, "மேல ஐஸ்ல வச்சிருக்கேம்மா, பூச்சிக்கு இடம் வேண்டியிருந்துச்சு" என்றேன்.

ஐஸ் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஆதிரை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மருந்து கட்டியாக உறைந்திருந்தது. சங்கர் சுவரில் சாய்ந்து நின்றான்.

"சர்க்கரை மருந்து கடையில கிடைக்கும்லலே. இப்பப் போய் வாங்கிட்டு வந்திரலாம்" என்றேன்.

"மாமா, இது சர்க்கரைக்கு இல்ல" என்றாள் ஆதிரை. "எனக்கு. கருமுட்டை நல்லா வளர்றதுக்குப் போடுத ஊசி. தினமும் விடாமப் போடணும். உறைஞ்சா மருந்து வீணு. ஒரு நாள் விட்டாலும் இந்த மாசம் போச்சு. நாலு மாசமா நாகர்கோவிலுக்கு ஓடுனது போச்சு."

பிரமு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "ஏட்டி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன் அத்தை? நீங்க தினமும் என்னை மண்ணுக்கூட்டைக் கும்பிடச் சொல்லுதீங்க. பிள்ளை கூட்டுல இருந்தா வரும்? எனக்கு வயிறெல்லாம் ஊசி குத்திக் குத்திக் கன்னிப்போய்க் கிடக்கு. அதோட வந்து நின்னு கும்பிட்டேன்ல்லா."

சங்கர் என்னைப் பார்த்தான். "உங்ககிட்டச் சொன்னா குரூப்ல போட்டிருப்பீங்கப்பா. எனக்குச் சர்க்கரைன்னு சொன்னதுக்கே தெருவுல போற வாறவன்லாம் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்கான்."

நாட்டில் இருக்கிற பூச்சிக்கெல்லாம் பேர் சொன்னவன், சொந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். பெரிய அவமானமாக இருந்தது.

மருத்துவமனைக்குப் போன் போட்டார்கள். இங்கே கடைகளில் கிடைக்காது, ஆஸ்பத்திரியிலும் தீர்ந்துவிட்டது, மதுரையில்தான் வாங்க வேண்டும், அதுவும் காலையில்தான் முடியும், ஆனால் இன்றைய ஊசி இன்றைக்கே போட்டாக வேண்டும் என்றார்கள். பிரமு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அடுத்த தெருவுக்குக் கேட்டதோ என்னவோ, அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிட்டது. சுவருக்கு மேலே நித்திலாவின் தலை தெரிந்தது.

"ஆதி, என்னாச்சு?"

ஆதியா? இந்தப் பெண்கள் எப்போது பேச ஆரம்பித்தார்கள்?

ஆதிரை ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். நித்திலா உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் அதே மாதிரி வெள்ளைப் பெட்டி.

"என்கிட்ட ஒண்ணு கூட இருக்கு. டாக்டரம்மாட்ட இப்பவே கேட்டுக்கோ. எனக்கும் உனக்கும் ஒரே அளவுதானே."

அவளுக்குப் பின்னால் செண்பகம் ஈரக் கையோடு நின்றாள். "அடிப் பாவி, அது எங்க வீட்டுக்காரருக்குக் கொழுப்புக் கூடுனா போடுததுக்கு வாங்கி வச்ச ஊசின்னு சொன்னியே!" பிச்சுமணி அதற்கும் பின்னால். பத்து நாளாக அவர் முட்டையை மஞ்சள் கரு இல்லாமல் சாப்பிடுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சரி என்றார். நித்திலா எட்டி நீட்ட, ஆதிரை எம்பி வாங்கினாள். குளவிக்கூட்டுக்கு மேலேயேதான் அந்த ஊசி கைமாறியது. பிரமுவும் செண்பகமும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண்கள் இருமவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆதிரை சிரித்தபடியே அழுதாள்.

சனிக்கிழமைதோறும் உடம்பு சரியில்லாத சிநேகிதி யார் என்றும், பேங்க் பரீட்சை வகுப்பு எந்த ஆஸ்பத்திரியில் நடந்தது என்றும் எனக்கு இப்போது தெரியும்.

ஜூன் 26, வியாழன்

சங்கர் விடியக்காலையில் மதுரைக்குப் போய் மருந்து வாங்கிவந்தான். நித்திலாவுக்குத் தர வேண்டியதைச் சுவர் வழியாகக் கொடுத்தான். பையனுக்குப் பிரமு அல்வா கொடுத்தாள். அவன் தின்ற வேகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தாணுமூர்த்தி எழுதியிருந்தார். "இது மரக்குளவி. பைன் பலகைக்குள்ளேயே வந்திருக்கும். இரண்டு மூன்று வருடம் மரத்துக்குள் வெளியே தெரியாமல் வளரும். பின்னால் இருப்பது கொடுக்கு இல்லை, முட்டையிடுகிற ஊசி. கொட்டாது. குளவிக்கு இருக்கிற இடுப்பு இதற்கு இல்லை, அதைப் பார்த்தே சொல்லிவிடலாமே? நீங்கள் பயணப்படி கோமதிநாயகம்தானே?"

பாட்டிலைப் பிச்சுமணியிடம் காட்டினேன். பூச்சி செத்திருந்தது. "கொட்டாதாம்" என்றேன்.

"சவத்த விடும் வே" என்றார். "ஒரு முட்டையை முழுசாத் தின்னுட்டு வாரேன்."

குழுவில் ஒருவர் பெரிய கறுப்பு வண்டு ஒன்றின் படம் போட்டு "அண்ணாச்சி, இது என்ன?" என்று கேட்டிருந்தார். "தெரியவில்லை" என்று போட்டேன். அதற்கும் நாற்பது பேர் கும்பிட்டிருந்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

ஆதிரைக்கு இரண்டு கருவை உள்ளே வைத்துவிட்டார்களாம். நித்திலாவுக்கு நேற்றே. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும், இரண்டுமே நிற்கலாம், ஒன்று நிற்கலாம், ஒன்றும் நிற்காமலும் போகலாம் என்று சங்கர் சொன்னான். குழுவில் போடவில்லை. பிரமுவும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. சுவரில் சின்னதாகக் கரகரவென்று சத்தம். இந்த முறை என் காதைச் சந்தேகப்படவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

கூட்டில் ஒரு ஓட்டை விழுந்து பெரிதாகிக்கொண்டிருந்தது. குளவி தலையை நீட்டிப் பார்த்தது. வெளியே வந்து சுவரின் நடுவில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவுகிற மாதிரி காலால் துடைத்துக்கொண்டது. நூல் இடுப்பு, மஞ்சள் கால். இறகை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

இறங்குவதற்குள் பிரமு வந்துவிட்டாள். அந்தப் பக்கம் செண்பகமும். இருவரும் ஓட்டையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பறந்துட்டா?" என்றாள் பிரமு.

"பறந்துட்டு."

"எந்தப் பக்கம் போச்சுங்க?" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். செண்பகம் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர்களுக்குப் பின்னால் ஆதிரை வாசல்படியில் நின்றாள். சுவருக்கு அப்பால் நித்திலா. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிலிருந்தா பிள்ளை வரும் என்று கேட்டவள் முகத்திலும் பயம் இருந்தது.

"தண்ணி விட்டுட்டு இருந்தேன். பாக்கலை" என்றேன்.

"ஒரு மாசமா அதையே பாத்துட்டு இருந்துட்டு, போற நேரத்துல பாக்கலையா? உங்களை என்னதான் செய்ய!" என்று பிரமு திட்டினாள். செண்பகமும் அவளோடு சேர்ந்துகொண்டாள். இருவரும் ஒரே குரலில் என்னைத் திட்டி இன்றுதான் கேட்கிறேன். வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஆதிரை காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக, "பாத்தீங்கல்லா மாமா?" என்றாள்.

"பாத்தேம்மா."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

எந்தப் பக்கம் போயிற்று என்று இதிலும் எழுதப்போவதில்லை. இந்த வீட்டில் நான் எழுதுவதை எல்லோரும் படிக்கிறார்கள்.